காற்றில் பழகிய கால்கள் ஏறிவிடும், இறங்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. கோண்டாவிலில் இருந்து தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். போக 9 கிலோமீற்றர், வர 9 கிலோமீற்றர். சுவிஸில் இருக்கும் அண்ணா, செப்டெம்பர் முதல் கிழமையில் மேல் எங்கடீன் ஏரிப் பகுதியில் வழிகாட்டியோடு போகிற நான்கு நாள் மலைச் சைக்கிள் பயணத்துக்கு எங்கள் இருவரையும் பதிந்துவிட்டார். ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோமீற்றர், ஏற்றம் 700 முதல் 1,100 மீற்றர் என்று திட்டத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏறிப் பழக ஒரு மேடுகூட இல்லை. என்னால் முடியுமா? இங்கே ஒரு மலைச் சைக்கிள் வாங்கிப் பழகி, அதையே கொண்டுபோகலாமா? அண்ணா மின்சாரச் சைக்கிள் எடுக்கச் சொல்கிறார், எனக்கு மனமில்லை.
– ஆசிரியர் ஒருவர், கோண்டாவில்

பதில்: முடியும். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு. ஏற்றத்துக்கு வேண்டிய காலும் மூச்சும் தினமும் 18 கிலோமீற்றர் மிதிக்கிறவருக்குப் பாதி வந்துவிட்டது. மீதியைத் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தரும். சமதரையில் வளர்ந்தவரிடம் இல்லாதது இறக்கத்தில் வேண்டிய கையும் கண்ணும். விழுந்து எலும்பு முறிவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். உங்களுக்கு இருக்கிற 10 கிழமையில் பாதியையாவது அதற்குக் கொடுங்கள்.

முதலில் ஏற்றத்தைப் பார்ப்போம். நம் ஊர் ஒற்றைக் கியர் சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5 மீற்றர் போகும். அங்கே தரப்போகும் வண்டியில் முன்னால் 32 பல், பின்னால் மிகப் பெரிய வட்டில் 51 பல் இருக்கும். அந்தக் கியரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீற்றர் கூடப் போகாது. நடக்கிற வேகத்தில் உருண்டுகொண்டே இருக்கும். மணிக்கு 400 மீற்றர் உயரம் ஏறினால் 1,000 மீற்றருக்கு இரண்டரை மணித்தியாலம். அது யாரும் வெட்கப்படுகிற வேகம் இல்லை. சிரமம் வேறொன்றில் இருக்கிறது. சமதரையில் நாம் மிதிப்போம், விடுவோம், உருளுவோம். மலையில் விட்ட கணமே வண்டி நின்றுவிடும். ஆகவே விடாமல் மிதிக்கப் பழக வேண்டும்.

அதற்குப் பண்ணைத் தாம்போதி போதும். ஆகஸ்ட் முடியும்வரை சோளகம் வீசும். பண்ணையால் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானுக்குப் போகிற பாதையில் பெரும்பகுதி அது முகத்தில்தான் அடிக்கும்; மரமோ மதிலோ மறைக்காது. சீற்றில் இருந்தபடியே 12 நிமிடம் பெடலை விடாமல் மிதியுங்கள்: இரண்டு மூன்று சொல் பேசலாம், ஒரு முழு வசனம் பேச முடியாது என்ற அளவில். 5 நிமிடம் மெதுவாக. பிறகு மறுபடி. முதல் இரண்டு கிழமை இப்படி 3 தடவை. ஐந்தாம் கிழமைக்குள் 20 நிமிடம் 3 தடவை. கிழமையில் ஒரு நாள் இது. சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நீண்ட ஓட்டம். 2 மணித்தியாலத்தில் தொடங்கி 4 வரை கூட்டுங்கள். அடுத்தடுத்த நாள் என்பதை விட்டுவிடாதீர்கள். நான்கு நாள் பயணத்தில் ஆளைச் சோதிப்பது இரண்டாம் நாள் காலை. முதல் நாள் களைப்போடு சீற்றில் ஏறி உட்காருவதற்கும் பழக்கம் வேண்டும். விடிய 5 மணிக்குப் புறப்பட்டால் வெயிலுக்கு முன் திரும்பலாம். காற்று ஏறுவது எட்டு மணிக்குப் பிறகு என்றால் அந்த 12 நிமிடப் பயிற்சியை மட்டும் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். கடைசிக் கிழமையில் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள்.

தொடங்கும் முன் சீற்றை உயர்த்துங்கள். நம் ஊரில் அநேகர் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீற்றைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓடுகிறோம். முழங்கால் நோவுக்கு முதல் காரணம் அதுதான். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். அதுதான் அளவு.

இனி இறக்கம். நீங்கள் ஆசிரியர், ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் பயணத்தில் அநேகமாக வரப்போகும் சுவ்ரெட்டா கணவாய் 2,615 மீற்றர் உயரம். அங்கிருந்து இறங்கிச் சேரும் பேவர் கிராமம் 1,700 சொச்சம். 900 மீற்றர் இறக்கம். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 90 கிலோ என்றால், அந்த உயரத்தில் சேர்ந்திருக்கிற சக்தி இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பகுதி இரண்டு மெல்லிய பிரேக் தட்டுகளில் வெப்பமாகத்தான் இறங்க வேண்டும். பயத்தில் பிரேக்கை விடாமல் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே வந்தால் தட்டு ஆறவே ஆறாது. பிரேக் கட்டை பளிங்குபோல மினுங்கிப் பிடிமானத்தை இழக்கும். பிரேக் குழாயில் இருக்கும் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் கைப்பிடிவரை வந்து முட்டும், வண்டி நிற்காது. கையும் விறைத்துப்போகும். விறைத்த விரல்தான் கடைசி வளைவில் தவறவிடும்.

ஆகவே பிடித்து விட வேண்டும். வளைவுக்கு முன்னால், தரை ஒப்புரவாக இருக்கும் இடத்தில் அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். வேரும் கல்லும் வரும் இடத்தில் விட்டு உருள வேண்டும். அங்குள்ள எண்ணெய்ப் பிரேக்குகளுக்கு ஒரு கைக்கு ஒரு விரல் போதும். மற்ற மூன்று விரலும் கைப்பிடியை விட்டு எழவே கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் நான்கு விரலாலும் இறுக்கினால் முன்சில்லு பூட்டி, ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை லீவர் முன் பிரேக். சுவிஸில் வாடகைக்குத் தரும் வண்டிகளில் இடக்கைதான் முன் பிரேக். சாதாரண நேரத்தில் நினைவு வைத்துக்கொள்ளலாம். திடீரென்று கல் தெரியும்போது கை யோசிக்காது, பழகியதைச் செய்யும். பின் பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்குவீர்கள், முன்சில்லு பூட்டும். தீர்வு எளிது. உங்கள் சைக்கிள் கேபிள் பிரேக் என்றால் இன்றே சைக்கிள் கடையில் கொடுத்து இரண்டு கேபிளையும் கை மாற்றிப் போடச் சொல்லுங்கள். அரை மணித்தியால வேலை. 10 கிழமை அப்படியே ஓடுங்கள். வீட்டில் வேறு யாரும் அதை எடுப்பார்கள் என்றால் சொல்லி வையுங்கள். கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுக்கிற பழைய கம்பிப் பிரேக் வண்டி என்றால் மாற்ற முடியாது. கேபிள் வண்டி ஒன்றை இரவல் வாங்குவது நல்லது. மோட்டார் சைக்கிளும் ஓடுகிறவர் என்றால் இரண்டும் குழம்பும். முன் பிரேக்கை வலக்கைக்கு மாற்றித் தரும்படி வாடகைக் கடையில் இப்போதே கேட்டு வைக்க அண்ணாவிடம் சொல்லுங்கள். எண்ணெய்க் குழாயைக் கழற்றிக் காற்று நீக்கிப் பூட்டுகிற வேலை அது. முன்கூட்டிச் சொன்னால்தான் செய்வார்கள்.

பயிற்சிக்கு பள்ளிக்கூட விளையாட்டு மைதானம் போதும். ஓரிடத்தில் கோடு கிழித்து, நல்ல வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் பிடித்து, எத்தனை அடியில் நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள். முதலில் பின் பிரேக் மட்டும், பிறகு முன் பிரேக் மட்டும், பிறகு இரண்டும். நிறுத்துகிற வேலையில் முன் பிரேக்கின் பங்கு எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் கைக்குப் புரியும். பிடிக்கும்போது சீற்றிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, குதிக்காலைத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். உடம்புப் பாரம் பாதத்தில் இருக்க வேண்டும், கையில் அல்ல. இதற்குச் சீற்றை முழுதாக இறக்கி வைத்துப் பழகுங்கள். அங்குள்ள வண்டியில் ஹாண்டிலில் உள்ள ஒரு சிறு லீவரை அமுக்கினால் சீற் தானாக இறங்கும். இறக்கம் தொடங்கும் முன் அமுக்குவதை வழக்கமாக்குங்கள்.

வருசப் பிறப்பு விளையாட்டுகளில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி வைப்போமே, அது மலைக்கு அருமையான பயிற்சி. கொண்டை ஊசி வளைவில் வேண்டியது அதே திறமைதான்: கால் ஊன்றாமல், மெல்லப் பின் பிரேக்கை உரசவிட்டு, சமநிலை குலையாமல் திரும்புவது. நான்கு நீண்ட காலடி அகலத்துக்குள் ‘8’ வடிவம் போட்டுப் பாருங்கள். திரும்பும்போது முன்சில்லைப் பார்க்காமல் வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். கண் போன இடத்துக்கு வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போகும்.

மணற்காட்டுப் பக்கம் ஒரு நாள் போய் இளகிய மணலில் ஓடிப் பாருங்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் விழுவீர்கள். தளர்வாகப் பிடித்து, சீரான வேகத்தில் மிதித்தால் வண்டி தன் வழியைத் தேடிக்கொள்ளும். சரளைக் கல் இறக்கத்திலும் அதே கைதான்.

முடிந்தால் ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் நுவரெலியா போய் வாருங்கள். நுவரெலியா 1,868 மீற்றர். நீங்கள் போகும் பகுதியின் நகரமான சென் மொரிட்ஸ் 1,822. கிட்டத்தட்ட ஒரே உயரம். ரம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதி 800 மீற்றருக்கு மேல் உயரும், நீண்ட ஏற்றம் என்றால் என்ன என்று ஒரே காலையில் காட்டிவிடும். கியரும் நல்ல பிரேக்கும் உள்ள வண்டியை இரவல் வாங்கிப் போங்கள், பழைய வண்டியைக் கொண்டுபோய் அந்த இறக்கத்தில் இறக்காதீர்கள். பஸ்ஸும் லொறியும் கூடுமுன் அதிகாலையில் ஓடுங்கள். அந்த மாதத்து மழையும் குளிரும் உங்கள் உடுப்பைச் சோதிக்கவும் உதவும்.

உயரத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 1,800 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. 2,500 மீற்றரில் நாலில் மூன்று பங்குதான். படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயணம் தொடங்க இரண்டு இரவுக்கு முன்பே அங்கே போய்த் தங்குங்கள். தலையிடியும் குமட்டலும் வந்தால் மேலே போகாமல் வழிகாட்டியிடம் சொல்லிக் கீழே இறங்குங்கள்.

ஏரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதையின் குணம் அவற்றோடுதான் வருகிறது. அங்கே ரொமான்ஷ் மொழியில் ஏரிக்கு ‘லேய்’ என்பார்கள். பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைக் கண்டால் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. சில்ஸ், சில்வாப்லானா ஏரிகளின் கரைப் பாதைகள் பெரும்பாலும் மிருதுவானவை. முதல் நாளில் வைப்பார்கள். மத்தியானத்துக்குப் பிறகு, பள்ளத்தாக்கின் மேல் முனையில் இருக்கும் மலோயாப் பக்கத்திலிருந்து ஒரு காற்று எழுந்து பள்ளத்தாக்கு நெடுக வீசும். சில்வாப்லானாவில் பட்டம் கட்டி நீரில் சறுக்குகிறவர்கள் அந்தக் காற்றுக்காகத்தான் வருகிறார்கள். காலையில் மலோயாவுக்குப் போய், பின்னேரம் காற்றை முதுகில் வாங்கித் திரும்புவதுதான் நல்ல திட்டம். மாறிப் போட்டிருந்தால் வழிகாட்டியிடம் காரணம் கேளுங்கள். எதிர்க்காற்றுத்தான் கிடைத்தது என்றால் அந்தக் குழுவில் பழக்கப்பட்டவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

பெர்னினாக் கணவாயில், 2,200 மீற்றருக்கு மேல், இரண்டு ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கும்: ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. பனிமலை அரைத்துக் கொண்டுவரும் கல்மா கலந்திருப்பதால்தான் வெள்ளை ஏரிக்கு அந்த நிறம். கறுப்பு ஏரியின் தண்ணீர் இன் ஆற்றில் விழுந்து தன்யூப் வழியாகக் கருங்கடலுக்கும், வெள்ளை ஏரியின் தண்ணீர் இத்தாலியின் போ ஆற்றால் அத்ரியாத்திக் கடலுக்கும் போகிறது. அங்கே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தில் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கிருந்து மொர்ட்டராட்ச், பொன்ட்ரெசீனாப் பக்கம் இறங்கும் பாதையை அடுத்தே ரயில் பாதையும் போகிறது. கட்டணம் கட்டினால் சைக்கிளையும் ஏற்றுவார்கள். உடம்பு முடியாத நாளில் ஏறிக்கொள்ளலாம், அதில் குறைவில்லை.

சுவ்ரெட்டாவிலிருந்து இறங்கும் பாதைதான் கவனிக்க வேண்டியது. ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் ஒற்றையடிப் பாதைகளை எஸ்-0 முதல் எஸ்-5 வரை தரம் பிரிப்பார்கள். எஸ்-0 தடங்கலற்ற பாதை. எஸ்-1 சிறு வேர், சிறு கல். எஸ்-2 படி போன்ற கற்களும் இறுக்கமான வளைவுகளும். எஸ்-3 உங்களுக்கு வேண்டாம். எஸ்-2 வரும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதற்குக் குழு நேரம் தருமா என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும். தருவதாக இருந்தால் போகலாம்.

வண்டி விடயத்தில் என் பதில் தெளிவானது: இங்கே வாங்க வேண்டாம், கொண்டுபோகவும் வேண்டாம். விமானக் கட்டணமும் பொதி கட்டும் செலவும் சேர்ந்தால் நான்கு நாள் வாடகையே மலிவு; தவிர இங்கே கட்டுப்படியான விலையில் கிடைக்கும் ‘மலைச் சைக்கிள்’ பல, பெயருக்கு மட்டும் ஸ்பிரிங் வைத்தவை. அங்கே முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ள, 120 முதல் 140 மில்லிமீற்றர் வரை அமுங்குகிற வண்டி கேளுங்கள். உங்கள் உயரத்தையும் உடல் நிறையையும் முன்கூட்டி அனுப்புங்கள். வண்டியைக் கையில் வாங்கியதும் சவாரி உடுப்போடு, பையோடு ஏறி உட்கார்ந்து பாருங்கள்: பின் தாங்கி தன் முழு அளவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்க வேண்டும். அதைவிடக் குறைவென்றால் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள்.

ரயர் காற்று உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். நாம் பெருவிரலால் அமுக்கினால் அசையாதபடி கல்லுப்போல அடித்துப் பழகியவர்கள். அங்கே 70 கிலோ ஆளுக்கு முன்சில்லில் 20 முதல் 22, பின்சில்லில் 23 முதல் 26 பி.எஸ்.ஐ. போதும். ரயர் கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்க வேண்டும். கல்லுப்போல அடித்தால் ஒவ்வொரு கல்லிலும் துள்ளி வழுக்கும். ரியூப் இல்லாத ரயர்கள் என்பதால் இந்த அளவு பாதுகாப்பானது. இருந்தாலும் ஒரு ரியூப், ரயர் கழற்றும் இரண்டு நெம்பு, சிறிய பம், மடிப்புச் சாவிக் கூட்டம், செயின் இணைப்புத் துண்டு ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். பின்கியரைத் தாங்கும் சிறு அலுமினியக் கொளுக்கி வண்டிக்கு வண்டி வேறு. விழுந்தால் முதலில் வளைவது அதுதான். அந்த வண்டிக்குரியதை வாடகைக் கடையில் கேட்டு வாங்கி வையுங்கள். பெடல் தட்டையானதாக இருக்கட்டும். சப்பாத்தைப் பெடலோடு பூட்டுகிற வகை இந்தப் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அண்ணா சொல்லும் மின்சாரச் சைக்கிளில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் நான் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். அது 22 முதல் 25 கிலோ நிறை. ஏறும்போது மோட்டார் சுமக்கும். இறங்கும்போது நீங்களும் உங்கள் பிரேக்கும் சுமக்க வேண்டும். கல்லடுக்கு வந்து தள்ளித் தூக்கும்போது அதன் பாரம் தெரியும். உங்கள் பலவீனம் இறக்கம், பலம் கால். பாரமான வண்டி இரண்டுக்கும் எதிரானது. ஒன்றே விதிவிலக்கு: குழுவில் மற்ற எல்லோரும் மின்சார வண்டி என்றால் நீங்களும் எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்திலும் மூச்சிரைக்கத் துரத்தி, களைத்த கையோடு இறக்கத்தைத் தொடங்குவீர்கள்.

உடுப்பில் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, இறக்கத்தில் காற்றுப் பட்டதும் குளிர் எலும்பில் ஏறும். உள்ளுக்கு மெல்லிய செயற்கை நூல் அல்லது கம்பளி நூல் உடுப்பு, மேலே ஒரு சூடான அடுக்கு, அதன்மேல் மழை ஜக்கெற். உச்சியில் ஈர உள்ளுடுப்பை மாற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆகவே ஒன்று கூடுதலாகக் கொண்டுபோங்கள். செப்டெம்பர் தொடக்கத்திலும் 2,500 மீற்றரில் விடியற்காலை உறைநிலைக்குக் கிட்ட இருக்கலாம், பனியும் விழலாம். முழுவிரல் கையுறை, ஹெல்மெற், முழங்கால் காப்பு. மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டைக்குள் உள்ளாடை போடக்கூடாது. தையல் உராய்ந்து இரண்டாம் நாளே புண்ணாகும். நுவரெலியாப் பயணத்திலேயே அதைப் போட்டுப் பழகிவிடுங்கள்.

சாப்பாடு: பசிக்கும்வரை காத்திராமல் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதாவது கடியுங்கள். எள்ளுருண்டை இதற்கு அருமையானது, நசியாது, உருகாது. தண்ணீர் 2 லீற்றர். கிராமத்து நீரூற்றுத் தொட்டிகளில் நிரப்பலாம், ‘கைன் ட்ரிங்க்வாசர்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது. மாடு மேயும் மலைச்சாரலின் ஓடைத் தண்ணீரும் வேண்டாம். அந்த மாடுகளைக் கன்றோடு கண்டால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவால் போகாமல் சுற்றிப் போங்கள். நீங்கள் திறந்த படலையைத் திரும்பப் பூட்டிவிட்டுப் போங்கள். நடந்து வருகிறவருக்கு வழி விட்டு நிற்க வேண்டியது சைக்கிள்காரர்தான்.

இனிக் கடதாசி வேலை. செங்கன் விசாவுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில வேளை 45 நாளும் ஆகும். ஆகவே இந்தக் கிழமையே தொடங்குங்கள். விசாவுக்குக் கேட்கும் பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆனால் விசாவுக்குப் போதுமான காப்புறுதி மலைக்குப் போதும் என்று நினைக்காதீர்கள். பலவற்றில் ‘சாகச விளையாட்டு’ விலக்கப்பட்டிருக்கும். மலைச் சைக்கிளும் ஹெலிகொப்டர் மீட்பும் எழுத்தில் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை வாசித்து உறுதி செய்யுங்கள். சுவிஸில் விமான மீட்புக்கு 1414, அம்புலன்ஸுக்கு 144. இரண்டையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

அண்ணாவுக்கு இன்று இரவே எழுதி, ஏற்பாட்டாளரிடம் இவற்றைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஒவ்வொரு நாளின் பாதைக்கும் எஸ் தரம் என்ன, மற்றவர்கள் மின்சார வண்டியா சாதாரண வண்டியா, பொதி வாகனம் எல்லா இரவும் தங்குமிடம்வரை வருமா, கணவாய் நாளில் இடி மழை வந்தால் மாற்றுப் பாதை எது. ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் என்றாலோ, எஸ் தரத்துக்குப் பதில் ‘நடுத்தரம்’ என்று மட்டும் சொன்னாலோ, வேறு ஏற்பாட்டாளரைத் தேட இன்னும் காலம் இருக்கிறது.